சிப்பந்தியின் மன இறுக்கம்

கல்லாவில் உட்காரும் நமக்குத்தான் கவலை, எடை போடும் பையனுக்கு என்ன என்று நாம் பேசிக்கொள்வதுண்டு. ஆராய்ச்சியாளர்கள் வேறு கணக்குச் சொல்கிறார்கள்.

லண்டனில் 1967-ல் தொடங்கி, அரசு அலுவலகங்களில் பணியாற்றிய சுமார் 18,000 ஆண்களைப் பல ஆண்டுகள் கவனித்தனர். இதய நோயால் இறந்தவர்கள் மேலதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியரிடையே அதிகம். புகைப் பழக்கம், ரத்த அழுத்தம் இவற்றைக் கழித்துப் பார்த்தும் வேறுபாட்டின் பெரும்பகுதி மீந்தது. 1985-ல் மைக்கேல் மார்மட் குழுவினர் பெண்களையும் சேர்த்து 10,308 பேரிடம் மறு ஆய்வு தொடங்கினர். தன் வேலையில் தனக்குச் சொல் உரிமை இல்லாதவர்களுக்கே இதய நோய் கூடுதல் என்று தெரிந்தது. வேலை நெருக்கடி மிகுந்து, முடிவெடுக்கும் உரிமை குறைந்த இடத்தில் மன இறுக்கம் அதிகம் என்று அமெரிக்காவில் ராபர்ட் கராசெக் 1979-லேயே எழுதியிருந்தார்.

கடன் வாங்கிச் சரக்கு போடும் நம் கவலை பொய்யென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கடையை எப்போது அடைப்பது என்பது நம் கையில் இருக்கிறது. தீபாவளிக் கூட்டத்தில் பத்துச் சீட்டை ஒருசேர வாங்கிப் பொட்டலம் கட்டும் சிப்பந்தி, சாப்பிடப் போகவும் நம் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. சாப்பாட்டு முறையையும் சரக்கு அடுக்கும் விதத்தையும் அவர்களே பேசி முடிவு செய்யட்டும். இதற்குக் காசு செலவில்லை. யாருக்கு எந்நாள் விடுமுறை என்பதை முந்தின வாரமே பலகையில் எழுதிவிடலாம்.