வீட்டு வேலிக்கு நொச்சி: வளர்க்கும் முறையும், பயனும், எச்சரிக்கையும்



பாலாற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரங்களிலும் வயல் வரப்புகளிலும் நொச்சியைப் பார்த்திருப்பீர்கள். காசு கொடுத்து வாங்க வேண்டாத செடி. ஆடு மாடு அதிகம் கடிக்காத செடி. அந்தக் காலத்தில் கோட்டை மதிலைக் காத்து நின்ற வீரர்கள் இதன் பூவைத்தான் சூடினார்கள். மதில் காக்கும் போருக்கே இலக்கணத்தில் 'நொச்சி' என்று பெயர். செங்கற்பட்டை அடுத்த தண்டரையில் 1986-இல் தொடங்கப்பட்ட இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம், இப்படிப்பட்ட மூலிகைகளைப் பற்றிய அறிவைப் பெண்களின் பிழைப்புக்கு வழியாக்கியது.

அடையாளம்

ஒரு காம்பில் ஐந்து இலைகள், விரல் விரித்த கை போல இருக்கும், சிலவற்றில் மூன்று. மேற்புறம் பச்சை, அடிப்புறம் வெளிறிய சாம்பல் நிறம். கசக்கினால் காரமான வாசனை. பூக்கள் சிறியவை, நீலமும் ஊதாவும் கலந்த நிறத்தில் கொத்தாக இருக்கும்.

நடும் முறை

1. புரட்டாசி, ஐப்பசியில் மழை பிடிக்கும் சமயம் நடுவது நல்லது. அப்போது தண்ணீர் ஊற்றும் வேலை குறையும்.

2. முற்றிய கிளையில் விரல் பருமனுள்ள போத்தாகப் பார்த்து, ஒரு முழ நீளத்துக்கு வெட்டுங்கள். மூன்று நான்கு கணுவாவது இருக்க வேண்டும்.

3. இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றி, சுற்றிலும் மிதித்து இறுக்குங்கள். தலைகீழாக ஊன்றிவிடக் கூடாது. வேலிக்கு ஒன்றரை அடிக்கு ஒரு போத்து போதும்.

4. கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கத்துக் கடற்கரை மணலில் தண்ணீர் நிற்காது. அங்கே ஒரு அடிக் குழி எடுத்து, ஏரி வண்டலும் மக்கிய சாணி எருவும் கலந்து போடுங்கள். செடியைச் சுற்றிச் சவுக்குச் சருகைப் பரப்பினால் ஈரம் காயாது.

5. துளிர் விட்டு வேர் பிடிக்கும் வரை மழை இல்லாத நாட்களில் தண்ணீர் ஊற்றுங்கள். இடுப்பளவு வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை அடர்ந்து வேலி நெருக்கமாகும்.

பயன்கள்

நிழலில் உலர்த்திய இலையை நெல், பயறு வைக்கும் குதிரில் போட்டால் பூச்சி குறையும். பிள்ளை பெற்றவளுக்கு நொச்சி இலை போட்டுக் கொதிக்க வைத்த நீரில் குளிப்பாட்டுவதும், சளி பிடித்தால் ஆவி பிடிப்பதும் நம் வழக்கம். மாலையில் இலைப் புகை போட்டால், புகை இருக்கும் வரை கொசு விலகும்.

கவனிக்க வேண்டியவை

வேலியில் நொச்சி இருந்தாலே கொசு வராது என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. டெங்குக் கொசு பகலில் கடிக்கும். வீட்டில் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே தொட்டி, குடம், தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் எல்லாவற்றையும் வாரம் ஒரு நாள் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். இது மனைவியின் வேலை மட்டும் அல்ல.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை தொட்டியைத் தேய்ச்சுக் கொடுங்க, நான் குடத்தைப் பார்த்துக்கறேன்" என்று அவர் சொன்னால், "சரிம்மா" என்று எழுந்து வாருங்கள் ஐயா!

கைக்குழந்தையும் கர்ப்பிணியும் இருக்கும் அறையில் எந்தப் புகையும் வேண்டாம். ஆவி பிடிக்கும் பாத்திரம் சாய்ந்து குழந்தைகள் வெந்துபோவது உண்டு. சிறு பிள்ளைகளுக்கு ஆவி பிடிக்க வேண்டாம். கர்ப்ப காலத்தில் நொச்சிக் கஷாயம் குடிக்கவும் வேண்டாம்.

"காய்ச்சல்தானே, நொச்சித் தண்ணி வெச்சாப் போயிடும்" என்று நாள் கடத்தாதீர்கள். குழந்தைக்கோ கர்ப்பிணிக்கோ காய்ச்சல் என்றால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். கடையில் நீங்களாக வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். சில மாத்திரைகள் டெங்குவில் ரத்தக் கசிவை அதிகமாக்கும். காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் கவனமாக இருங்கள். கடுமையான வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிடுதல், குழந்தை சோர்ந்து கிடத்தல் – இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

வேலிக்கு நொச்சி, வீட்டுக்குச் சுத்தம், காய்ச்சலுக்கு மருத்துவர்.