வின்செஸ்டர் கல்லூரி: ஏழையர்க்கென எழுந்த பள்ளி

இங்கிலாந்தில் 'பப்ளிக் ஸ்கூல்' எனப்படுவன அரசுப் பள்ளிகள் அல்ல. பெருங்கட்டணம் பெறும் தனியார் பள்ளிகளே. எவ்வூர்ச் சிறுவரும் சேரலாம் என்னும் பொருளில் எழுந்த அப்பெயர் இன்று கேட்போரை மயங்க வைக்கிறது. அவற்றுள் மிகப் பழையனவற்றுள் ஒன்று வின்செஸ்டர் கல்லூரி. பெயரளவில் கல்லூரியாயினும் அது பள்ளியே.

இதனை நிறுவியவர் வில்லியம் ஆஃப் விக்கம். எளிய குடியிற் பிறந்து, அரசரின் கட்டடப் பணிகளை மேற்பார்த்து உயர்ந்து, வின்செஸ்டர் ஆயராகவும் நாட்டின் சான்சலராகவும் விளங்கியவர். 1348-49இல் பரவிய கொள்ளைநோய் கற்றறிந்த குருமார் பலரைக் கொண்டு சென்றது. அக்குறையை நிரப்ப அவர் 1379இல் ஆக்ஸ்போர்டில் நியூ காலேஜையும், அதற்கு மாணவரை ஆயத்தப்படுத்த 1382இல் இப்பள்ளியையும் தோற்றுவித்தார். பள்ளியையும் பல்கலைக்கழகக் கல்லூரியையும் இவ்வாறு ஒரே அறத்தால் பிணைத்தமை அந்நாளில் புதுமை. ஆறாம் ஹென்றி மன்னர் 1440இல் ஈட்டன் பள்ளியை நிறுவியபோது இதனையே முன்மாதிரியாகக் கொண்டார்.

எழுபது மாணவர்க்கு உணவு, உறையுள், கல்வி யாவும் இலவசம். அவர்கள் ஏழைகளாகவும் தேவையுடையோராகவும் இருத்தல் வேண்டும் என்பது நிறுவனர் விதி. ஆயினும் அவ்விதியிலேயே இரு வாயில்கள் திறந்திருந்தன. ஒன்று, நிறுவனரின் உறவினர்க்கு முன்னுரிமை. மற்றொன்று, கட்டணம் செலுத்தும் உயர்குடிப் பிள்ளைகள் பதின்மர்க்கு இடம். ஆயருக்குப் பிள்ளைகள் இல்லை. எனினும் அவர்தம் உடன்பிறந்தாள் வழியினர் நூற்றாண்டுகள் பல கடந்தும் உரிமை கோரி வந்தனர்! கட்டண மாணவர் தொகையும் பதின்மரோடு நிற்கவில்லை. பெருகிப் பெருகி எழுபதின்மரை விஞ்சியது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உறவுரிமை ஒழிந்தது. பரிந்துரை முறை நீங்கிப் போட்டித் தேர்வு வந்தது. நேர்மையான மாற்றமே. ஆனால் தேர்வுக்குரிய இலத்தீனையும் கிரேக்கத்தையும் இளமையிலேயே கற்பித்தவை பொருள் கொடுத்துப் பயிலும் ஆயத்தப் பள்ளிகள். எனவே, வறுமையைக் கேளாது திறமையை மட்டும் கேட்ட தேர்வு, ஏழைச் சிறுவனுக்குப் பழைய முறையினும் அரிதாயிற்று என்பதே என் கருத்து.

பள்ளியின் இயல்பு பழைமை பேணுவது. மாணவர்க்கெனத் தனிச் சொல்வழக்கு உண்டு. அடுக்களைக்கு அருகே 'நம்பிக்கைக்குரிய ஏவலன்' என்னும் பழைய ஓவியம்: வாய்க்குப் பூட்டு, கழுதையின் செவி, மானின் கால். எசமானன் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதற்கு இணையோவியம் எதுவும் தீட்டப்படவில்லை!

2022இல் மேல்வகுப்பில் மாணவியரும் சேர்க்கப்பட்டனர். எழுபதின்மர் இன்றும் கறுப்பு அங்கி அணிந்து அப்பழங் கட்டடத்திலேயே தங்குகின்றனர். விடுதி மாணவர் ஆண்டுக் கட்டணம் 50,000 பவுண்டைக் கடந்துவிட்டது. எழுபதின்மருள் ஒருவராதல் பெருமை. கட்டணச் சலுகையோ பெற்றோர் வருவாயை ஆராய்ந்து தனியே வழங்கப்பெறுகிறது.