ஃபாண்ட் ஏற்றும் முன் ஒரு ‘ஸ்ரீ’ அடித்துப் பாருங்கள்

மாகறலில் உட்கார்ந்து டிசைன் வேலை பார்க்கிறவனிடம் தமிழ் பல ரூபத்தில் வந்து சேரும். கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகை என்றால் கையெழுத்துப் பிரதி. கல்யாணம், காதுகுத்து என்றால் வாட்ஸ்அப். விழா மலர் என்றால் பென்டிரைவில் பழைய ஃபைல். கூடவே “போன தடவ மாதிரியே போட்டுடு தம்பி” என்ற ஒரு வார்த்தை. இந்தக் கடைசி ரகம்தான் அதிக நேரம் பிடிக்கும். போன தடவை அதைச் செய்தவர் எந்த ஃபாண்டில் செய்தார் என்பது ஃபைலைத் திறக்கும்வரை தெரியாது.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, “அண்ணே, நல்ல தமிழ் ஃபாண்ட் எங்க கிடைக்கும்?” என்பதுதான். கிடைப்பதில் இன்று கஷ்டமே இல்லை. கிடைத்தது எந்தக் காலத்து ஃபாண்ட் என்று முதலில் பார்க்கச் சொல்வேன்.

பாமினி, வானவில் போன்றவை யுனிகோடுக்கு முந்தைய ஏற்பாட்டில் உருவானவை. ஆங்கில எழுத்துக்கு உரிய இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை உட்கார வைத்திருப்பார்கள். பாமினியில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிந்தாலும், ஃபைலுக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். ஃபாண்டை மாற்றினால் அந்த ஐந்தும் அப்படியே வெளியே வந்து நிற்கும். ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஒரு வரிசை வைத்துக்கொண்டதால், ஒருவர் அடித்ததை இன்னொருவர் படிக்க முடியாத நிலை பல வருஷம் இருந்தது. 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு வரிசைகளைத் தரப்படுத்தியது. 2010-இல் யுனிகோடையும் டேஸ்-16-ஐயும் ஏற்றுக்கொண்டது. இன்று செல்போனில் அடிப்பதெல்லாம் யுனிகோடு. ஆகவே வாட்ஸ்அப்பில் வந்ததை நகலெடுத்து, கோரல்ட்ராவில் பாமினியைத் தேர்ந்தெடுத்து ஒட்டினால் கட்டம் கட்டமாக வரும். இல்லையென்றால் மென்பொருள் தானாக வேறொரு ஃபாண்டைப் போட்டுக்கொள்ளும். ஃபாண்ட் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அழித்துவிட்டுத் திரும்பத் திரும்ப ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏற்றியதில் எந்தக் குறையும் இருக்காது.

பழைய ஃபைலிலிருந்து விஷயத்தை எடுக்க என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவிகள் இருக்கின்றன. மாற்றும்போது ஆங்கிலச் சொற்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். கருவிக்கு எது ஆங்கிலம், எது ஆங்கில வேஷம் போட்ட தமிழ் என்று தெரியாது. எல்லாவற்றையும் தமிழாக்கிக் கொடுத்துவிடும்.

இனி ஏற்றும் வேலை. இறக்கிய ஜிப் ஃபைலைப் பிரிக்காமல், அதற்குள்ளேயே ஃபாண்டைச் சொடுக்கித் திறக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. பிரித்து ஒரு ஃபோல்டரில் வைத்த பிறகே ஏற்றுங்கள். விண்டோஸ் 10-இல் 2018 வாக்கில் வந்த பதிப்புகளிலிருந்து, ரைட் கிளிக் செய்து ‘இன்ஸ்டால்’ கொடுத்தால் அந்த ஃபாண்ட் உங்கள் கணக்குக்கு மட்டும்தான் போய்ச் சேரும். சில பழைய மென்பொருள்கள் விண்டோஸின் பொதுவான ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை மட்டும் பார்க்கும். உங்கள் கணக்கில் இருப்பது அவற்றின் கண்ணில் படாது. ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்’ கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. ஏற்றியதும் மென்பொருளை மூடித் திறந்துவிடுங்கள். கூகுள் ஃபாண்ட்ஸில் இறக்கும்போது பல குடும்பங்களில் ஒரு ‘வேரியபிள்’ ஃபைலும், ‘ஸ்டாட்டிக்’ என்ற ஃபோல்டரும் சேர்ந்து வரும். டிசைன் மென்பொருளின் பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் ஸ்டாட்டிக் ஃபோல்டரில் இருப்பதை ஏற்றினால் போதும்.

ஏற்றியாகிவிட்டது. அடுத்தது சோதனை. ‘அன்புடையீர்’ என்று ஒரு வார்த்தை அடித்துப் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது என்று வேலையைத் தொடங்குவது ஆபத்து. எங்கள் ஊர் திருமாகறலீஸ்வரர் கோயில், சம்பந்தர் பாடிய தலம். கோயில் பத்திரிகை என்றால் பெரியவர்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓர் எழுத்து விடாமல் படிப்பார்கள். அந்தப் பத்திரிகைக்குத் தேவைப்படும் எழுத்துகளையே நான் சோதனை வரியாக வைத்திருக்கிறேன்: ஸ்ரீ, ௐ, க்ஷ, கொ, கோ, கௌ, ணை, ழு, ளூ, ₹.

இதில் ‘ஸ்ரீ’ பல ஃபாண்டுகளின் குட்டை வெளிப்படுத்திவிடும். ஶ என்ற எழுத்து யுனிகோடில் சேர்ந்தது 2005-இல்தான். அதனால் ஸ் வைத்து ஒரு ‘ஸ்ரீ’, ஶ் வைத்து இன்னொரு ‘ஶ்ரீ’ என்று இரண்டு விதமாக அடிக்கலாம். சில ஃபாண்ட் ஒன்றை மட்டும் கூட்டெழுத்தாகச் சேர்க்கும். மற்றதில் ஸ் அல்லது ஶ் தனியாகவும் ரீ தனியாகவும் நிற்கும். யார் எந்தக் கீபோர்டில் அடித்து அனுப்புவார்கள் என்பது நம் கையில் இல்லாததால் இரண்டையும் சோதித்துவிடுவது நல்லது. ௐ யுனிகோடுக்கு வந்தது 2008-இல். ₹ குறி 2010-இல். அதற்கு முன் செய்து, பிறகு புதுப்பிக்காத ஃபாண்டில் இவை இருக்காது. மளிகைக் கடை விலைப் பேனரில் ₹ இருக்க வேண்டிய இடத்தில் காலிக் கட்டம் அச்சாகி வந்தால் யார் பணம் கொடுப்பார்கள்? ‘கௌரி’ என்ற பெயரில் பலர் ஒற்றைக் கொம்பும் ‘ள’வும் சேர்த்து ‘கெளரி’ என்று அடித்து அனுப்புவார்கள். அதைத் திருத்திவிடுங்கள், மணப்பெண்ணின் பெயர் அது.

கொ, கோ சரியாக வராமல், க-வுக்குப் பின்னால் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறி நின்றால் ஃபாண்டைக் குறை சொல்லாதீர்கள். யுனிகோடில் முதலில் க, பிறகுதான் குறி. கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் எழுத்து இயந்திரம். போட்டோஷாப்பில் பிரிஃபரன்சஸ், டைப் பகுதிக்குப் போய், பதிப்பைப் பொறுத்து ‘சவுத் ஏசியன்’ அல்லது ‘வேர்ல்டு ரெடி லேஅவுட்’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்து, புது டாகுமெண்ட் திறந்து அடித்துப் பாருங்கள். இன்டிசைனில் பாராகிராஃப் பேனலின் மெனுவில் ‘வேர்ல்டு ரெடி’ கம்போசர் இருக்கிறது. இல்லஸ்ட்ரேட்டரில் ‘ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்’ என்பதை டிக் செய்ய வேண்டும். பாமினியில் அடித்தால் வருகிறது, யுனிகோடில் உடைகிறது என்று யுனிகோடையே விட்டுவிட்டவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் அவர்களுக்குத் தேவைப்பட்டது இந்த ஒரு டிக் மட்டும்தான்.

எழுத்தின் எடை, அதாவது தடிமன் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். ரெகுலர் மட்டும் ஏற்றிவிட்டுப் ‘போல்ட்’ பொத்தானை அழுத்தினால், பல மென்பொருள்கள் எழுத்தைச் சுற்றி மை பூசிப் பெரிதாக்கும். ண, ஞ இவற்றின் உள்சுழிகள் அடைந்துபோய், சின்ன அளவில் கறுப்புப் பொட்டாகத் தெரியும். அதனால் குடும்பமாக ஏற்றுங்கள். கட்டமரானில் ஒன்பது எடைகள் இருக்கின்றன; முக்தா மலரில் ஏழு. பத்திரிகையின் உள்விஷயத்துக்கு முக்தா மலரையோ நோட்டோ செரிஃப் தமிழையோ தயங்காமல் போடலாம். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவாணர், கையெழுத்துச் சாயலில் தலைப்புக்கு அருமையாக இருக்கும். உத்திரமேரூர் பக்கத்துப் பள்ளி விழாக்களுக்குக் குடவோலைக் கல்வெட்டை நினைவூட்டும்படி உளியால் வெட்டிய மாதிரி எழுத்து கேட்பார்கள். அந்த ரக ஃபாண்டைத் தலைப்பு ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி நிரலையும் அதிலேயே போட்டால் ஒருவரும் படிக்க மாட்டார்கள். வரி இடைவெளியில் ‘ஆட்டோ’வை நம்பாதீர்கள். இன்டிசைன் தானாகக் கொடுப்பது எழுத்தளவில் 120 விழுக்காடு. மேல் வரியின் ‘ழு’ கீழே இறங்க, கீழ் வரியின் ‘கீ’ மேலே ஏற, இரண்டும் முட்டிக்கொள்ளும். நான் 140-க்குக் குறைப்பதில்லை.

கட்டமரான், முக்தா மலர், நோட்டோ செரிஃப் தமிழ், கவிவாணர் எல்லாம் திறந்த உரிமத்தில் வருபவை. காசு வாங்கிச் செய்யும் வேலைக்கும் பயன்படுத்தலாம். ‘சொந்த உபயோகத்துக்கு மட்டும்’ என்ற நிபந்தனையோடு வருவதைக் கடை வேலையில் போடக் கூடாது. ஓர் ஃபாண்டில் நூற்றுக்கணக்கான எழுத்து உருவங்களை ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். அவர் உழைப்புக்கு உரியதைக் கொடுக்காமல் நம் உழைப்புக்கு மட்டும் கூலி கேட்க எனக்கு வாய் வராது.

வேலை முடிந்து காஞ்சிபுரத்துக்கோ சிவகாசிக்கோ அனுப்பும்போது இரண்டு ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் எழுத்தெல்லாம் கர்வ் ஆக்கியிருக்க வேண்டும். கோரலில் கன்ட்ரோல் கியூ. அச்சகத்துக்குப் போவது இதுதான். மற்றது கர்வ் ஆக்காதது, ஃபாண்டுகளோடு ஒரே ஃபோல்டரில் உங்களிடமே இருக்கட்டும். முகூர்த்த நேரம் மாறிவிட்டது என்று ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் வந்தால் அதைத்தான் திறக்க வேண்டியிருக்கும். பிடிஎஃப் ஆக அனுப்புவதானால், அக்ரோபேட்டில் டாகுமெண்ட் பிராப்பர்ட்டீஸுக்குள் ஃபாண்ட்ஸ் பகுதியைத் திறந்து, ஒவ்வொரு ஃபாண்டின் பெயருக்குப் பக்கத்திலும் ‘எம்பெடட்’ என்று இருக்கிறதா எனப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.