வாரண்டியா, கேரண்டியா? எதைக் கேட்டு வாங்குவது?

மிக்ஸி வாங்கப் போனாலும் செல்போன் வாங்கப் போனாலும் நாம் தவறாமல் கேட்கிற கேள்வி: "வாரண்டி இருக்கா, கேரண்டி இருக்கா?" கேரண்டி என்றால் புதிதாக மாற்றித் தருவார்கள், வாரண்டி என்றால் ரிப்பேர் மட்டும் செய்து தருவார்கள் என்பது கடைவீதியில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. பல நேரம் அது சரியாகவும் வந்துவிடும். ஆனால் அதை மட்டும் நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடக் கூடாது. இந்த இரண்டு சொல்லுக்கும் இடத்துக்கு இடம் கனம் மாறுகிறது.

கடையில்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 "வாரண்டி அல்லது கேரண்டி" என்று இரண்டையும் சேர்த்தே பேசுகிறது. முறையாகச் சோதிக்காமல் "இத்தனை வருஷம் உழைக்கும்" என்று உறுதி கொடுப்பது அந்தச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. உறுதியை எந்தப் பெயரில் கொடுத்தார்கள் என்பது அங்கே பொருட்டல்ல. எனவே வாரண்டி அட்டையின் தலைப்பைவிட, கீழே பொடி எழுத்தில் உள்ளதைப் படியுங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரியையே எடுத்துக்கொள்வோம். "48 மாத வாரண்டி" என்று பெரிதாகப் போட்டு, பக்கத்தில் 24+24 என்றிருக்கும். முதல் 24 மாதத்துக்குள் பழுதானால் வேறு பேட்டரி இலவசம். அடுத்த 24 மாதத்தில் புது பேட்டரி விலையில் தள்ளுபடி மட்டும்தான். மாதம் ஏற ஏற அதுவும் குறையும். தள்ளுபடியைப் பெரும்பாலும் எம்.ஆர்.பி.யில்தான் கழிப்பார்கள். கடை விலையே அதைவிடக் குறைவு என்பதால் கையில் நிற்பது சொற்பம். ஆக, 24+24, 36+12 இரண்டும் 48தான் என்றாலும், விலை ஒத்துவந்தால் 36+12 பேட்டரியைத் தேர்ந்தெடுங்கள்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை நான்கு:

1. பழுதானால் மாற்றித் தருவார்களா, ரிப்பேரா, பணம் திரும்பவா?
2. முழுப் பொருளுக்கா, ஒரு பாகத்துக்கா? ஃப்ரிட்ஜில் "10 வருஷம்" என்பது பெரும்பாலும் கம்ப்ரசருக்கு மட்டும்தான்.
3. காலக்கணக்கு பில் தேதியிலிருந்தா, தயாரித்த தேதியிலிருந்தா?
4. பொறுப்பு கம்பெனிக்கா, கடைக்கா?

"நான் கேரண்டி, எப்ப வேணும்னாலும் கொண்டு வாங்க" என்று கடைக்காரர் சொன்னால், அதையே பில்லில் எழுதி முத்திரை வைத்துத் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்ன கேரண்டியைவிட எழுதிக் கொடுத்த வாரண்டி மேல்.

மொத்தக் கொள்முதலில்

வியாபாரிகள் கவனிக்க வேண்டியது இது. சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இல் வாரண்டி என்பது துணை உறுதி. அது பொய்த்தால் நஷ்டஈடு கேட்கலாம். அதைக் காரணம் காட்டிச் சரக்கை நிராகரிக்க முடியாது. நிராகரிக்கும் உரிமை வேண்டுமென்றால், அந்தத் தரத்தை ஒப்பந்தத்தில் 'கண்டிஷன்' என்று எழுத வேண்டும்.

வங்கியில்

இங்கே கேரண்டி என்றால் ஜாமீன். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 126-ஆம் பிரிவு இதில் மூன்று பேரைச் சொல்கிறது: கடன் கொடுத்தவர், வாங்கியவர், ஜாமீன்தாரர். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு அத்தனையும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது 128-ஆம் பிரிவு. "முதல்ல அவர்கிட்ட கேளுங்க" என்று சொல்லித் தப்ப முடியாது. மச்சான் கேட்டார், நண்பர் கேட்டார் என்று 'சும்மா ஒரு கையெழுத்து' போடுகிறவர்கள், முழுத் தொகையையும் தாமே கட்ட நேர்ந்தால் தாங்குமா என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுக்க வேண்டும். தாங்காது என்றால் மறுத்துவிடுவதே உறவுக்கும் நல்லது.

தகராறு வந்தால்

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்க பில்லில் கெடு ஏதும் குறிப்பிடவில்லை என்றால், 30 நாளுக்குள் கொண்டுபோனதை வாங்க மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறைதான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். பில்லும் அட்டையும் இருந்தால் உங்கள் வழக்கில் பாதி வேலை முடிந்த மாதிரி. வாங்கிய அன்றே இரண்டையும் போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள். கடைப் பில்லின் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும்.