மாமாவின் பென்ஷன் ஏன் குறைவு?

கேள்வி: என் மாமா பழைய சிப்பாய், 7 ஆண்டு பணி, 8 ஆண்டு ரிசர்வ். அண்ணன் ஹவில்தாராக 17 ஆண்டு முடித்தவர். இருவர் பென்ஷனுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?
(வாசகர், காளஹஸ்தி)

பதில்: அண்ணன் கணக்கு எளிது. அதிகாரி அல்லாதவர்களுக்கு 15 ஆண்டு பணி இருந்தால் பென்ஷன் உண்டு. கடைசிச் சம்பளத்தில் பாதி. அடிப்படை 34,900, ராணுவப் பணிச் சம்பளம் 5,200 என்றால் கூட்டுத்தொகை 40,100, பென்ஷன் 20,050. அகவிலைப்படி தனி. முன்பு முழுப் பென்ஷனுக்கு 33 ஆண்டு வேண்டும் என்றிருந்தது. 2006-இல் அது போயிற்று.

மாமா கதை வேறு. அந்தக் காலத்தில் சில ஆண்டு சீருடை, பிறகு வீட்டில் இருந்தபடி அழைப்புக்குக் காத்திருப்பு. இரண்டும் சேர்ந்து 15 ஆண்டு வந்தால் ரிசர்விஸ்ட் பென்ஷன் உண்டு; ஆனால் அது ஒரு சிப்பாயின் மிகக் குறைந்த பென்ஷனில் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே. எட்டு வருடம் கூப்பிடுவார்களோ என்று காத்திருந்ததற்கு இது கொஞ்சம் கஞ்சத்தனம்தான்!

அமெரிக்காவில் ரிசர்வ் வீரரின் ஒவ்வொரு பயிற்சிக்கும் புள்ளி போட்டு, அதைப் பணி ஆண்டுகளாக மாற்றுகிறார்கள். இங்கே டெரிட்டோரியல் ஆர்மியில் வேறு விதம்: அழைத்துப் பணியில் அமர்த்திய நாட்களே கணக்கு.

மாமாவின் டிஸ்சார்ஜ் புக்கில் ரிசர்வ் காலம் தேதியோடு பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.