மெயில் குப்பையை ஏஐ அள்ளட்டுமா?

ஜிமெயிலில் இருபதாயிரம் மெயில்கள் குவிந்துவிட்டன. ‘இடம் நிறைந்துவிட்டது’ என்று எச்சரிக்கை வேறு. ஏஐ ஏஜென்ட்டிடம் விட்டு மொத்தமாக அழிக்கச் சொல்லலாமா?
– வாசகி, திருநெல்வேலி

தாராளமாக. ஆனால் எந்த அனுமதியைக் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. குப்பைத்தொட்டிக்குப் போகும் மெயில் 30 நாள் அங்கேயே கிடக்கும். மனம் மாறினால் மீட்டுக்கொள்ளலாம். மென்பொருள்களுக்கு மட்டும் இன்னொரு வழி உண்டு: ஒரே கட்டளையில் 1,000 மெயில் வரை, தொட்டிக்கே போகாமல் நேரே கைலாசம்! அதற்கு முழு அனுமதி வேண்டும். எனவே இணைக்கும்போது வரும் கூகுள் திரையை ‘சரி, சரி’ என்று தட்டிவிடாமல் படியுங்கள். ‘நிரந்தரமாக நீக்க’ என்று இருந்தால் ரத்து செய்துவிடுங்கள். அந்த அதிகாரம் இல்லாமலே குப்பைக்கு அனுப்பும் வேலை நடக்கும்.

முதலில் அழிக்கவே சொல்லாதீர்கள். கழிக்க வேண்டியவற்றுக்கு ஒரு லேபிள் மட்டும் ஒட்டச் சொல்லிவிட்டு, நீங்களே புரட்டிப் பாருங்கள். வங்கி, பி.எஃப்., வருமான வரி மெயில்களைத் தொடக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சேலைத் தள்ளுபடி விளம்பரங்களுக்கு இந்தக் கருணை தேவையில்லை. வேலை முடிந்ததும் கூகுள் கணக்கில் போய் அந்த ஏஜென்ட்டின் அனுமதியைத் துண்டித்துவிடுங்கள்.

இன்னொன்று: இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி.யை போட்டோஸும் டிரைவும் சேர்ந்தே பங்குபோடுகின்றன. ஆண்ட்ராய்டு என்றால் வாட்ஸ்அப் பேக்கப்பும் அதில்தான். பெரிய ஆசாமி அங்கே ஒளிந்திருக்கலாம், முதலில் பாருங்கள். குப்பைத்தொட்டி காலியாகும்வரை மெயில் அடைத்த இடமும் திரும்பக் கிடைக்காது.