பூட்டிய வீட்டில் எதை வளர்ப்பது?

தாயில்பட்டியில் பிராணி வளர்க்க ஆசைப்படுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தன் வீட்டுப் பூட்டை. காலையில் பட்டாசு ஆலை வேன் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புகிற குடும்பங்கள் இங்கே அதிகம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடும். பகல் பூராவும் ஆளில்லாத வீட்டில் எது நிம்மதியாக இருக்கும் என்பதுதான் கேள்வி.

ஆசை முதலில் நாய் மேல்தான் போகும். நம் மாவட்டம் அதற்குப் பேர்போனது. சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் நாய் இனங்களுக்கே பெயர் கொடுத்த ஊர்கள். ராஜபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல்தலையும் வந்தது. பெருமை வேறு, வளர்ப்பு வேறு. சிப்பிப்பாறை ஓடப் பிறந்தது. சங்கிலியில் கட்டிவிட்டு வேலைக்குப் போனால், குரைத்தே தெருவைப் பகைத்து வைக்கும். காலையும் மாலையும் கரிசக்காட்டில் ஓடவிட ஆள் இருந்தால் மட்டும் வாங்கலாம். ராஜபாளையம் காவலுக்குக் கெட்டி. ஆனால் வெள்ளை உடம்பும் ரோஸ் மூக்குமாகப் பிறக்கும் குட்டிகளில் பிறவிச் செவிடு உண்டு. குட்டியைத் தனியே பிரித்து நிறுத்தி, பின்னாலிருந்து கை தட்டிப் பாருங்கள். கூட்டத்தோடு சோதித்தால் மற்றவை திரும்புவதைப் பார்த்து அதுவும் திரும்பிவிடும். ‘செவிடென்றால் வெடிக்குப் பயப்படாதே’ என்பார்கள். ஆனால் அதற்கு வேன் ஹாரனும் கேட்காது!

பட்டாசு ஊர் நாய்க்குச் சத்தம் பழகியிருக்கும் என்பதும் தப்புக் கணக்கு. இங்கே செய்கிறோம், வெடிப்பது ஊர் ஊராக. சட்டம் அனுமதிக்கிற உச்சமே 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல். நம் காதுக்கே அது அதிகம். இன்னொன்று: தீபாவளி முடிந்து ஆலை மூடிக் கிடக்கும் நாட்களில் குட்டி வாங்காதீர்கள். நாள் முழுக்க மடியில் கிடந்து பழகிய குட்டி, ஆலை திறந்த அன்று திடீரென்று அநாதையாகும். வேலை நாட்களில் வாங்கினால் முதல் வாரமே வீட்டின் நடைமுறை புரிந்துவிடும்.

தாத்தா பாட்டி வீட்டோடு இருந்தால் என் ஓட்டு ஆட்டுக்குத்தான். கறுப்பு உடம்பும் முகத்தில் வெள்ளைக் கோடுமாக வரும் கன்னி ஆடு இந்த வறட்சிக்கே பிறந்தது. சினை ஐந்து மாதம், பெரும்பாலும் இரட்டைக் குட்டி. எங்கள் வீட்டு ஆடு ஒரு மத்தியானம் கயிற்றை அறுத்துக்கொண்டு, திண்ணையில் காய வைத்திருந்த பட்டாசுக் காகிதக் குழாய் அடுக்கைப் பசையோடு தின்று தீர்த்தது. மருந்து அடைக்காத வெறும் குழாய் என்பதால் பிழைத்தது. அன்றைய கூலி போனதுதான் மிச்சம். விற்கிற நாளில் பிள்ளைகள் அழும். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோழிக்கு அடைகாக்க 21 நாள், மேய்வதற்குக் கொஞ்சம் இடம், வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசி; இவ்வளவுதான். பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி குற்றம். லவ் பேர்ட்ஸ் வளர்க்கலாம், ஆனால் சின்ன நுரையீரல்; தீபாவளிப் புகை தாங்காது. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கிற வீட்டில் மீன் தொட்டியைப் பற்றி நான் பேசப் போவதில்லை.

எதை வளர்த்தாலும் வேலைத் துணியோடு தூக்கிக் கொஞ்சாதீர்கள். துணியிலும் கையிலும் ஒட்டியிருக்கும் பட்டாசு மருந்தை அது நக்கும். அந்த மருந்து பிராணிகளுக்கு விஷம்.

ஆளில்லாத வீட்டுக்குப் பூனைதான். பகலில் பெரும்பங்கு தூங்கியே கழிக்கும், எலியையும் பார்த்துக்கொள்ளும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி பூனைக்கும் போட வேண்டும். கோழிக்குஞ்சு இருக்கிற வீட்டில் மட்டும் வேண்டாம். எங்கள் தெருவில் ஒரு பூனை, ஆலை வேன் சத்தம் கேட்டதும் ஓட்டிலிருந்து இறங்கும். வீட்டுக்கார அக்கா குளித்து முடிக்கும்வரை வாசல்படியிலேயே உட்கார்ந்திருக்கும். அதற்கு முன்னால் கிட்டப் போனால் விரட்டுவார் என்று அதற்குத் தெரியும்.